15 வருஷம் கழித்து கோத்தகிரி கோட்டை வீட்டில் இரண்டு ராத்திரி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு நான் வேண்டியவன். 2010-ல் இதன் பின்பக்கத் தடுப்புச் சுவரைக் கட்டியது நான்தான். அதனால் நான் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் படித்தாலும் தப்பில்லை. வீட்டின் பெயரையும் போடப்போவதில்லை. வீட்டுக்கார அம்மா கேட்டுக்கொண்டார்கள். "ஞாயித்துக்கிழமை ஆனா வாசல்ல அஞ்சு கார் நின்னுட்டு, சும்மா பாத்துட்டுப் போறோம்ங்கறாங்க மேஸ்திரி. பேரு கீரு போட்டுறாதீங்க." நிஜமாகவே போய்த் தங்க நினைக்கிறவர்கள் என்னைக் கேளுங்கள், நம்பர் தருகிறேன்.

நான் பெருந்துறைப் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். அந்தக் காலத்தில் காண்ட்ராக்டர் இல்லை, இன்னொருவரிடம் மேஸ்திரி. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் பல இடத்தில் மலை சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ரோடு, தோட்டம், வீட்டுக் கொல்லை என்று எங்கே பார்த்தாலும் மண் வழிந்து கிடந்தது. அடுத்து வந்த தை, மாசியில் எங்கள் ஆட்களுக்கு மலைமேல்தான் பிழைப்பு. இந்த வீட்டுக்கு ஆறு பேரோடு வந்து இறங்கினேன். 24 நாள் வேலை. லாட்ஜ் எதிலும் இடமில்லை. வீட்டுப் பெரியவர் சமையலறைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்த கிடங்கைக் காலி செய்து பாய் விரித்துக் கொடுத்தார். அந்தக் கிடங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வீடு எப்படி என்றால், கீழே இருந்து ஏறி வரும்போது மங்களூர் ஓடு போட்ட சாதாரண மலை பங்களா மாதிரித்தான் தெரியும். வளைவு திரும்பியதும் பகீர் என்று இருக்கும். கருங்கல்லில் உருண்டையாக ஒரு கோபுரம், இரண்டு மாடி உயரம். உச்சியில் கைப்பிடிச் சுவர் பல் பல்லாக. சுவரில் கை நுழையும் அளவுக்கு நெட்டுக்குத்தாகச் சந்து ஜன்னல்கள். இடைக்காலத்து ஐரோப்பியக் கோட்டை எப்படி இருக்குமோ அப்படியே, ஆனால் கைக்கு அடக்கமாக. 130 வருஷத்துக்குக் குறையாது என்று பெரியவர் சொல்வார். கட்டியவர் ஒரு தோட்டத்துரை. தன் ஊர்க் கோட்டையை நினைத்து ஏங்கினாரோ, படத்தில் பார்த்து ஆசைப்பட்டாரோ, தெரியாது. சண்டைக்கு வர ஆளே இல்லாத இடத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, எதிரியை எதிர்பார்த்து ஒரு வீடு கட்டிவிட்டுப் போய்விட்டார்.

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் சுவர் உச்சியில் இப்படிப் பல் வைக்க வேண்டுமானால் ராஜாவிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். பல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இடைவெளி வழியாக அம்பு விடலாம் அல்லவா, அந்தப் பயம்தான். கோத்தகிரியில் யாரைக் கேட்க வேண்டும்? வைத்துவிட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது, அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த படகர் சமூகத்துக்காரர் ஒருவர் வீட்டையும் சுற்றியிருந்த கொஞ்சம் நிலத்தையும் வாங்கினார். அவர் மகன்தான் எனக்குப் பாய் போட்டுக் கொடுத்த பெரியவர். ஹட்டியில், அதாவது படகர் ஊரில், சொந்தபந்தம் எல்லாம் வரிசை வீட்டில் ஒட்டி ஒட்டி இருக்க, இவர்கள் மட்டும் கோட்டையில். கல்யாணம் காட்சிக்குப் போனால் "கோட்டைக்காரங்க வந்துட்டாங்க, நாற்காலி போடு" என்று கேலி நடக்குமாம். 2010-ல் நான் முதல்முதலாக அண்ணாந்து பார்த்தபோது கோபுரத்துப் பல் இடுக்கில் பள்ளிக்கூடச் சட்டையும் கம்பளியும் காய்ந்துகொண்டிருந்தன. பல்லுக்குப் பல் கொடி கட்டியிருந்தார்கள். அம்புக்கு வைத்த இடைவெளி துணி காயப்போடத்தான் சரியாக இருந்தது. எனக்கு அந்த வீட்டை அப்போதே பிடித்துப்போனது அதனால்தான்.

இந்த ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். என் வீட்டுக்காரியும் எட்டாவது படிக்கும் மகளும் கூட. மேட்டுப்பாளையத்திலிருந்து 30 சொச்சம் கிலோமீட்டர்தான். இ-பாஸ் இல்லாமல் ஏறாதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு எவர்சில்வர் கூஜாவில் கொண்டு போங்கள். குஞ்சப்பனை வளைவுகளில் மெதுவாகப் போங்கள்; பலாப்பழ சீசனில் அந்த ரோடு யானைக்குத்தான் சொந்தம்.

வாசலில் முதல் அதிர்ச்சி. பெரிய போர்டு: "இடைக்காலக் கோட்டையில் அரச வாழ்க்கை". கதவுக்கு இரண்டு பக்கமும் தகரத்தில் செய்த இரும்புக்கவச வீரர்கள். ஒருவருக்குக் கையில் ஈட்டி, இன்னொருவருக்கு ஈட்டி எங்கோ விழுந்துவிட்டதால் கையில் குடை மாட்டியிருந்தது. மழைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அம்மா மாட்டியது என்று பிறகு தெரிந்தது. கோபுரத்துப் பல்லில் துணி இல்லை, கொடி பறந்தது. உள்ளே வரவேற்பறையில் பிளாஸ்டிக் கேடயம், குறுக்கே இரண்டு வாள். பெரியவர் படம் சுவர் மூலையில் மாலையோடு. 2019-ல் தவறிவிட்டார்.

இப்போது வீட்டை நடத்தும் பெரியவர் மகனைக் குறை சொல்வது எளிது. அவர் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பசுந்தேயிலை விலை 1990-களின் கடைசியில் விழுந்ததிலிருந்து சிறு விவசாயிக்குத் தோட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடிவதில்லை. பறிகூலி, உரம் போக நிற்பது சொற்பம். இப்படி ஒரு பெரிய கல்வீட்டை ஒருமுறை ஓடு மாற்றினாலே லட்சக்கணக்கில் போகும். மூன்று அறையை வாடகைக்கு விடாவிட்டால் இந்நேரம் ஏதாவது ரிசார்ட்காரர் கையில் இருந்திருக்கும். தகர வீரர்களை அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம். சிமென்டைத்தான் பொறுக்க முடியவில்லை. வருகிறேன்.

பேரனுக்குப் பத்து வயது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அவன்தான் வழிகாட்டி, என் மகளைக் கண்டதும் குரலை ஏற்றிக்கொண்டான். "அக்கா, இந்த ஜன்னல் வெளியே குறுகல், உள்ளே அகலம். ஏன் தெரியுமா? உள்ளே இருக்கற ஆள் அம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பலாம், வெளியே இருக்கறவன் திருப்பி அடிச்சா உள்ளே வராது." கையை வைத்துப் பார்த்தேன், உண்மைதான். வெளியே நாலு விரல், உள்ளே இரண்டடி. துரை அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். அடுத்து கோபுரத்துச் சுழல் படிக்கட்டு. "கோட்டைப் படி வலப்பக்கமா சுத்தி ஏறும். கீழே இருந்து வர்ற எதிரிக்கு வலது கையில வாள் வீச இடமிருக்காது" என்றான். கதை நன்றாகத்தான் இருந்தது. நான் ஏறிக்கொண்டே பார்க்கிறேன், இந்த வீட்டுப் படி இடப்பக்கமாகச் சுற்றுகிறது! அடிவாசல் கதவு விழுந்த பக்கத்துக்குத் தகுந்த மாதிரி கொத்தனார் திருப்பிவிட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவனிடம் சொல்லவில்லை. மகள் சொல்லிவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க தாத்தா இடதுகைக்காரர்" என்றான்.

கோபுர அறைக்கு ஒரு ராத்திரி 6,500 ரூபாய். மகள் ஆசைப்பட்டாள் என்று முதல் ராத்திரிக்கு அதைத்தான் எடுத்திருந்தோம். வட்டமான அறை, நடுவில் திரை கட்டிய கட்டில், ஜன்னல் சந்து வழியாகப் பச்சைக் கோடு மாதிரித் தேயிலை. போட்டோவுக்கு நூற்றுக்கு நூறு. கதவைச் சாத்தினதும் மூக்கில் ஏறியது ஓதம். நனைந்த சாக்குப்பை வாசம். கட்டில் தலைமாட்டுச் சுவரில் பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து நின்றது. மெத்தை விரிப்பில் வெள்ளைத் தூள் உதிர்ந்திருந்தது. மகள் பவுடர் என்று நினைத்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

குளிர் எட்டு மணிக்கே எலும்பில் இறங்கியது. அறையில் கணப்பு இருந்தது, சீகை விறகும் அடுக்கி வைத்திருந்தார்கள். பற்ற வைத்தால் புகை மேலே போகாமல் முகத்தில் அடித்தது. கணப்புக்கு ஒரு குணம் உண்டு. குழல் குளிர்ந்து கிடந்தால் உள்ளே கனத்த காற்று உட்கார்ந்துகொண்டு புகையை ஏறவிடாது. முதலில் இரண்டு நாளிதழைச் சுருட்டிக் கொளுத்தி மேலே தூக்கிப் பிடித்துக் குழலைச் சூடாக்க வேண்டும், பிறகு விறகு. அதையும் செய்தேன். அப்பவும் புகை. பத்து மணிக்கு ஸ்வெட்டர், மங்கிகேப் சகிதம் டார்ச் எடுத்துக்கொண்டு மொட்டை மாடி ஏறினேன். புகைபோக்கி வாயில் தகரம் வைத்து, அதன் மேல் கல் வைத்து, கல்லுக்குப் பக்கத்தில் டிஷ் ஆன்டெனா. குருவி கூடு கட்டுகிறதே என்று மூடியவர்கள் விருந்தாளி வந்தபோது திறக்க மறந்துவிட்டார்கள். தகரத்தை எடுத்துவிட்டுக் கீழே வந்தேன். அரை மணியில் கணப்பு கனிந்து எரிந்தது. ஆனால் அறையில் தங்கிய புகை போக ஜன்னலைத் திறக்க வேண்டும். இருப்பதோ நாலு விரல் ஜன்னல். எதிரியை வெளியே நிறுத்தக் கட்டியது, புகையை உள்ளே நிறுத்திவிட்டது. மகள் விடியவிடிய இருமினாள்.

காலையில் மகன் காபியோடு வந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல பையன், கோபப்பட மனசு வரவில்லை. "தம்பி, வெளிச்சுவரைக் கொஞ்சம் காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் இடுப்பு உயரம் வரை கல் தெரியாமல் புதுப் பூச்சு. மேலே சாம்பல் நிறப் பெயின்ட், அதில் கறுப்புக் கோடு இழுத்துக் கல் மாதிரி வரைந்திருந்தார்கள். கல்லை மூடிவிட்டு அதன் மேல் கல் படம்! கார் சாவியால் ஓர் இடத்தில் தட்டினேன். டொக் என்று பொள்ளல் சத்தம். நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பிஸ்கட் மாதிரிப் பெயர்ந்து கையில் வந்தது. கால் அங்குலத்துக்கு மேல் கனமுள்ள சிமென்ட். வெளிப்பக்கம் காய்ந்து வெடித்திருந்தது, உட்பக்கம் விரல் ஒட்டும் ஈரம். அதற்குப் பின்னால் பழைய சுண்ணாம்புக் காரை தயிர்சாதம் மாதிரிக் குழைந்து கிடந்தது. 2010-ல் இதே காரையில் ஆணி இறங்காது.

விஷயம் இவ்வளவுதான். பழைய கல்சுவர் மழையைக் குடிக்கும், வெயில் வந்தால் கல் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்பு வழியாக ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அப்படி விடாது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழி இருக்காது. இரண்டடிக் கனச் சுவருக்குள்ளேயே ஏறி, சூடான பக்கமாக, அதாவது கட்டில் பக்கமாக வரும். வரும்போது உப்பைக் கொண்டு வந்து பெயின்டைத் தள்ளும். கோபுர அறையில் நாங்கள் மூச்சில் இழுத்தது அதைத்தான். பெரியவர் வருஷா வருஷம் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுப் பிசைந்து, உதிர்ந்த இடுக்குகளைத் தானே அடைப்பார். "தடுப்புச் சுவரை எதுல வேணா கட்டுங்க மேஸ்திரி, வீட்டு மேல சிமென்ட் சட்டியைக் கொண்டாராதீங்க" என்று என்னை விரட்டியவர். அவர் போன மறு வருஷம் யாரோ ஒரு பெயின்டிங் காண்ட்ராக்டர் வந்து "கோட்டை லுக்" கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் தொழில்காரர்தான், என்ன சொல்ல.

இரண்டாம் ராத்திரிக்கு அறை மாற்றிக் கேட்டேன். தோட்டம் பார்த்த அறை 4,500, அதில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று இருந்தது. "இன்னொண்ணு இருக்கு, ஆனா உங்களுக்குக் குடுக்க எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார் மகன். கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு! ஒரு ஜன்னல் பெரிதாக்கி, தரையில் பலகை அடித்து, பாத்ரூம் கட்டி 3,000 ரூபாய்க்கு விடுகிறார்கள். திரைக் கட்டில் இல்லை, கேடயம் இல்லை. பட்டியலில் கடைசியாக, "டிரைவர்களுக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிறார்கள்.

இந்த விமர்சனத்தில் ஒரு வரிதான் உங்களுக்கு உபயோகம் என்றால் அது இதுதான்: அந்த 3,000 ரூபாய் அறையை எடுங்கள். அதன் ஒரு பக்கச் சுவர் சமையலறை அடுப்பின் முதுகு. காலை ஐந்து மணிக்கு மூட்டும் விறகடுப்பு ராத்திரி ஒன்பது வரை அணைவதில்லை. கருங்கல் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மெதுவாக விடுகிறது. சுவரில் முதுகைச் சாய்த்தால் அம்மா மடி மாதிரி இருக்கும். வெளியே புல் மேல் வெள்ளையாக உறைபனி விழுந்த காலையில் நாங்கள் போர்வையைக் காலுக்குத் தள்ளிவிட்டுத் தூங்கினோம். மகள் இருமல் சத்தம் காணோம். இன்னொன்று, அந்தப் பக்கம் யாரும் "லுக்" கொடுக்கவில்லை. பெரியவர் அடைத்த சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. விரலால் தடவினால் அவர் கரண்டி இழுத்த கோடு தெரிகிறது.

அந்த அறையின் கதவைத் திறந்தால் நேரே சமையலறை. வீடு அங்கேதான் இருக்கிறது, முன்பக்கம் இருப்பது கடை. கோபுரத்திலிருந்து இறக்கிய துணிக்கொடி பின்கட்டில் ஓடுகிறது. பேரன் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். அம்மா வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியுமாக மணைப்பலகையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். பேரன் "ஹெத்தே, ஹெத்தே" (பாட்டி) என்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். என் மகள் போய்க் குனிந்ததும் தலையில் கை வைத்துப் படக மொழியில் வாழ்த்தினார்கள். படகர் வீட்டில் பெரியவர்களிடம் ஆசி வாங்குவது அப்படித்தான். பிறகு தமிழில், "கோட்டை ரூம்ல படுத்தியா? எனக்கு அங்க ஒரு நாள்கூடத் தூக்கம் வந்ததில்ல. மாமனார் காலத்துலயே அது கிழங்கு காயப்போடற இடம்" என்றார்கள்.

சாப்பாட்டைப் பற்றி: முன்பக்க விருந்தாளிகளுக்கு டைனிங் ஹாலில் தோசை, பூரி, நூடுல்ஸ், பிரைட் ரைஸ். சுமார். எங்கேயும் கிடைக்கும். அடுக்களையில் கேட்டு வாங்கினால்தான் ருசி. மதியம் அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட உதக்க, அவர்களே அரைத்த மசாலாவில். சனிக்கிழமை ராத்திரி கோயி உதக்க, அதாவது படகர் கோழிக்குழம்பு. தேங்காய் அரைத்த எங்கள் ஊர்க் கோழிக்குழம்புக்குப் பழகின நாக்குக்கு முதல் வாய் வெறும் காரமாகத் தெரியும், மூன்றாம் வாயில் பிடிபடும். வீட்டுக்காரி செய்முறை கேட்டாள். "பொடி தர்றேன், செய்முறை எல்லாம் கேக்காதே கண்ணு" என்று ஒரு டப்பா கொடுத்தார்கள். கிளம்புகிற அன்று மகளுக்காகத் துப்பதிட்டு சுட்டார்கள். விசேஷத்துக்குச் செய்யும் படகர் பலகாரம். நெய்யில் பொரிந்து ஓரம் மொறுமொறு என்றும் நடுவில் மெத்தென்றும் இருந்தது. தேயிலைத் தண்ணிக்குத் தொட்டுக்கொள்ள வர்க்கியைவிட எனக்கு இதுதான். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, துப்பதிட்டுக்கு யாராவது கேட்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

சனிக்கிழமை கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். வழக்கமாக எல்லோரும் போகிற இடம்தான், ஆனால் போர்டில் "இடைக்காலக் கோட்டை" என்று படித்ததிலிருந்து என் மனசில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தால் மாயாறு பள்ளத்தாக்கு. தூரத்தில் வெயிலில் தகரம் மாதிரி மின்னுவது பவானிசாகர் நீர்த்தேக்கம். நிஜமான இடைக்காலக் கோட்டை அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் இருந்த டணாயக்கன் கோட்டை. ஹொய்சள ராஜா மூன்றாம் வல்லாளன் காலத்துத் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், இருந்த இடம். நீலகிரியை அடக்கியவர் என்று பட்டமே வைத்துக்கொண்டவர்கள். அதற்கும் முன்னால், 1117-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றிலேயே ஹொய்சளத் தளபதி இந்த மலையேறி இங்கே வாழ்ந்த தொதவர் பழங்குடிகளை மிரட்டிய சேதி இருக்கிறது. மலைக்காக நிஜமாகவே படை நடந்த காலம் அது. 1955-ல் அணை கட்டி முடித்தபோது கோட்டையும் அதற்குள் இருந்த மாதவராயப் பெருமாள் கோயிலும் மூழ்கிவிட்டன. தண்ணீர் ரொம்பவும் இறங்கின வருஷங்களில் கோயில் தலைகாட்டும். அப்படி ஒரு கோடையில் என் அப்பா பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மண்டபத் தூணெல்லாம் சேறு பூசி நிற்கிறது என்று சொன்னார்.

அந்த அணைத் தண்ணீர்தான் கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் எங்கள் ரெண்டு ஏக்கரும் அடக்கம். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாம கோட்டைத் தண்ணியிலதான் நெல்லு போடறமா?" என்றாள். ஆமாம் அம்மிணி. எதிரிக்காகக் கட்டியது தண்ணீருக்குள் போய்விட்டது, எதிரியே இல்லாமல் கட்டியது இங்கே வாடகை வாங்கிக்கொண்டு நிற்கிறது.

திரும்பும் வழியில் கன்னேரிமுக்கு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா, இப்போது சின்ன அருங்காட்சியகம். கோபுரமும் இல்லை, பல்லும் இல்லை. கோட்டை வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மாட்டுக்கொட்டகை மாதிரித் தோன்றலாம். பழைய நீலகிரிப் படங்கள் நன்றாக இருக்கின்றன. ஒரு மணி நேரம் போதும்.

மற்ற விஷயங்கள். கீசர் காலை ஆறரை முதல் எட்டரை வரைதான், அதற்குப் பிறகு வாளியில் வெந்நீர். போன் சிக்னல் கோபுரத்தில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. கார் நிறுத்த மூன்று இடம்; நாலாவது ஆளாகப் போனால் சரிவில் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வயசானவர்களைக் கோபுரத்தில் ஏற்றாதீர்கள், சுழல் படியில் பிடிமானக் கம்பி இல்லை. மகனுக்கு வாட்ஸாப்பில் எழுதினால் பதில் வர ஒரு நாள் ஆகும், அம்மாவுக்குப் போன் போட்டால் உடனே. காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தி. அடுக்களைச் சாப்பாட்டுக்குத் தனியாகக் கேட்டால் கணக்குச் சொல்ல மாட்டார்கள், நீங்களாகப் பார்த்துப் பேரன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டை கட்டிவிட்டுப் பின்பக்கம் போனேன். என் சுவரைப் பார்க்காமல் எப்படிக் கிளம்புவது? 15 மழைக்காலம் தாங்கி நிற்கிறது, ஒரு விரல்கூடச் சாயவில்லை. தூக்குக்குண்டு இல்லை, மகளின் துப்பட்டா முனையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆனால் பெயின்டிங் காண்ட்ராக்டர் அதையும் விட்டுவைக்கவில்லை. சுவருக்குப் பின்னால் ஊறும் தண்ணீர் வடிய ஐந்தடிக்கு ஒரு குழாய்த் துண்டு சொருகியிருந்தேன். பூச்சிக்கூடு மாதிரி அசிங்கமாக இருக்கிறது என்று அத்தனை வாயையும் சிமென்ட் வைத்து அடைத்து, மேலே கொடி ஓவியம் வரைந்திருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் மண் சுவரைத் தள்ளும். ஒரு நல்ல நவம்பர் போதும்.

பின்கட்டிலிருந்து கடப்பாறை வாங்கி முதல் குழாயை நோண்டினேன். நாலு இடி. சிமென்ட் உள்ளே விழுந்தது, கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகு செம்மண் தண்ணீர் டீ டிகாக்ஷன் மாதிரி வழிய ஆரம்பித்தது. மழை நின்று இத்தனை நாளாகியும் உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. பேரன் டம்ளர் எடுக்க ஓடினான். பதினொன்றில் ஒன்பது குழாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா வாசல் வரை வந்து அரைக் கிலோ தேயிலைத்தூள் கொடுத்தார்கள். "மேஸ்திரி, அந்தக் கோபுரத்துச் சிமென்டையும் எடுத்துக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" உறைபனி காலத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, மார்ச்சில் இரண்டு ஆட்களோடு வருகிறேன் என்றேன். கடுக்காய் கீழிருந்து நான் கொண்டு வருவதாகப் பேச்சு. மகன் தயங்கித் தயங்கி, கூலியில் தங்கும் அறை வாடகையைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எந்த அறைக்கு என்று கேட்டேன். கிடங்குதான் என்றால் சரி.